உறுமிக்காரருக்குச் சாமி வருவதில்லை



"உங்களை உலுக்கிப் போட்ட இசை எது?" என்று சென்ற இதழில் ஒரு பெட்டிச் செய்தி போட்டிருந்தோம். விளம்பரம் வராமல் போன கால் பக்கத்தை நிரப்பப் போட்டது அது. ஆனால் அந்தக் கால் பக்கத்துக்கு வந்த அளவு கடிதம் எங்கள் முகப்புக் கட்டுரை எதற்கும் வந்ததில்லை. அஞ்சலட்டை, மின்னஞ்சல், வாட்ஸ்அப் குரல்பதிவு எனப் பல வழிகளில் இன்னும் வந்துகொண்டிருக்கின்றன. குரல்பதிவுகளை எழுத்தில் இறக்க உட்கார்ந்த உதவி ஆசிரியர் பாதியில் எழுந்துபோய் முகம் கழுவிவிட்டு வந்தார். "தூசி" என்றார். எங்கள் அலுவலகத்தில் தூசிக்குக் குறைவில்லைதான். நாங்களும் மேற்கொண்டு கேட்கவில்லை.

சினிமாப் பாட்டுதான் அதிகம் வரும் என்று நினைத்திருந்தேன். அதுவும் வந்தது. வராமல் இருக்குமா? இந்த ஊரில் பிறந்த டி.எம். சௌந்தரராஜன் குரல் கேட்காத துக்க வீடு மதுரையில் அபூர்வம். 'பாத காணிக்கை' 1962-ல் வந்த படம். கதை என்ன, யார் நடித்தார்கள் என்று கேட்டால் பலருக்கும் தெரியாது. அதற்காகக் கண்ணதாசன் எழுதிய, வீட்டுக்கும் வீதிக்கும் காட்டுக்கும் கணக்குப் போட்ட அந்தப் பாட்டை மட்டும் அமரர் ஊர்தி ஓட்டுகிற பையன்கள்கூட மனப்பாடமாகச் சொல்வார்கள். துக்க வீட்டு வாசலில் ஒலிபெருக்கிக்காரர் முதலில் போடுவது அதைத்தான்.

அடுத்து இளையராஜா. பண்ணைப்புரம் இன்று தேனி மாவட்டம். 1996-க்கு முன்னால் அது மதுரை மாவட்டம்தான். ஆகவே அவரை எங்கள் மாவட்டத்துக்காரர் என்று சொல்லிக்கொள்ள எங்களுக்குச் சட்டப்படியே உரிமை இருக்கிறது! அவரைப் பற்றி வந்த கடிதங்களில் ஒன்றை மட்டும் தனியே எடுத்து வைத்தேன். ஆரப்பாளையத்திலிருந்து கம்பம் போகும் இரவுப் பேருந்தில் பல வருடம் போய்வந்தவர் எழுதியது. "பாட்டு தொடங்குமுன் ஒரு புல்லாங்குழல் வரும். அது வந்ததுமே கண் நிறைந்துவிடும். அது என்ன பாட்டு என்பது அதற்கப்புறம்தான் நினைவுக்கு வரும்" என்கிறார்.

கண் முந்திக்கொள்கிறது, நினைவு பின்னால் வருகிறது. இது அவருடைய கற்பனை இல்லை. கனடாவின் மெக்கில் பல்கலைக்கழகத்தில் வலோரி சலிம்பூர், ராபர்ட் ஸடோரே குழுவினர் 2011-ல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். இசை கேட்டு உடம்பு சிலிர்க்கும்போது மூளையில் டோபமின் சுரக்கிறது என்பது அதன் ஒரு பாதி. மறுபாதிதான் நமக்கு வேண்டியது. உச்சம் வரும் நொடிக்குச் சற்று முன்னாலேயே, 'இதோ வரப்போகிறது' என்ற எதிர்பார்ப்பிலேயே, மூளையின் வேறொரு பகுதியில் அந்தச் சுரப்பு தொடங்கிவிடுகிறதாம். சோதனைக்கு வந்தவர்கள் தங்களைச் சிலிர்க்க வைக்கும் இசையைத் தாங்களேதான் கொண்டுவர வேண்டும் என்பது விதி. ஆய்வாளர் தேர்ந்தெடுத்துப் போட்ட இசைக்கு யாருக்கும் சிலிர்க்கும் என்ற உத்தரவாதம் இல்லை. மாண்ட்ரியலில் ஒருவருக்குக் கம்பம் பேருந்தின் புல்லாங்குழலைப் போட்டுக் காட்டினால் 'நன்றாயிருக்கிறது' என்று சொல்லிவிட்டுக் காப்பி குடிக்கப் போய்விடுவார்.

சினிமாவுக்கு இது போதும். எனக்கு வியப்பாக இருந்தது வேறு. கடிதங்களில் திரும்பத் திரும்ப வந்தவை உறுமியும் ஒப்பாரியும். மேலூர், உசிலம்பட்டி, சோழவந்தான், திருமங்கலம் என்று எந்தப் பக்கத்துக் கடிதத்தைப் பிரித்தாலும் இந்த இரண்டில் ஒன்று இருந்தது. எழுதியவர்களில் வங்கி அதிகாரி உண்டு, கல்லூரிப் பேராசிரியை உண்டு. "எனக்கு இதிலெல்லாம் நம்பிக்கை கிடையாது; ஆனால் உறுமி தேய்க்கிற சத்தம் கேட்டால் முதுகுத்தண்டு நிமிர்ந்துவிடுகிறது" என்று எழுதியிருப்பவர் தம்மைப் பகுத்தறிவாளர் என்று அறிமுகம் செய்துகொண்டவர்.

உறுமியைக் கிட்டத்தில் பார்த்திராதவர்களுக்காகச் சொல்கிறேன். நடு ஒடுங்கி இரு முகமும் அகன்ற தோல் கருவி. தோளில் மாட்டிக்கொள்வார்கள். ஒரு முகத்தில் மெல்லிய குச்சியால் அடி விழும். மறு முகத்தில் அடி கிடையாது. வளைந்த குச்சி ஒன்றைத் தோலில் அழுத்தி இழுப்பார்கள். அந்த இழுப்பில் எழுவது தாளமும் இல்லை, ராகமும் இல்லை. அடிவயிற்றிலிருந்து ஏதோ ஒன்று முனகுவதுபோல ஒரு சத்தம். நையாண்டி மேளத்தில் நாதஸ்வரம், தவில், பம்பை எல்லாம் சேர்ந்து முழங்கும்போதும் இந்த முனகல் தனியாகக் காதுக்கு வந்துவிடும்.

மாசி மாதம் சிவராத்திரிக்குக் குலதெய்வக் கோயிலில் கூடுவது இந்தப் பக்கத்து வழக்கம். சென்னை, கோவை, திருப்பூர் என்று பிழைக்கப் போனவர்கள் எல்லாம் பெட்டியோடு வந்து இறங்குவார்கள். உசிலம்பட்டிக்கு மேற்கே அப்படி ஒரு கோயிலில் ஒரு பெரியவர் உறுமி வாசித்ததைப் பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறேன். சந்தனம் பூசி மாலை போட்டு நின்ற சாமியாடிக்கு உதடு துடிக்க ஆரம்பித்தது. கூட்டத்தில் இரண்டு பெண்கள் தலையை விரித்துவிட்டார்கள். குலவைச் சத்தம் காதைப் பிளந்தது. என் பக்கத்தில் நின்ற, கணினி நிறுவனத்து அடையாள அட்டையைக் கழற்ற மறந்து வந்திருந்த ஒரு பையன் கையைக் கட்டிக்கொண்டு பல்லைக் கடித்துக்கொண்டிருந்தான். பெரியவர் முகத்தில் மட்டும் எந்த மாற்றமும் இல்லை. அவர் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

எல்லாம் அடங்கிப் பெரியவர் டீ குடிக்க உட்கார்ந்தபோது கேட்டேன். "இத்தனை பேருக்கு அருள் வருது. உங்களுக்கு ஒண்ணும் ஆகாதாண்ணே?"

"எனக்கு ஆச்சுன்னா கொட்டு நின்னுபோகும்ல தம்பி? அப்புறம் அவுக எப்படி ஆடுவாக?"

"கீழேயே பாத்துக்கிட்டு இருந்தீங்களே?"

"சாமியாடி கால் கட்டைவிரலத்தான் பாப்பேன். விரல் மண்ணக் கிள்ள ஆரம்பிச்சுருச்சுன்னா ஒரு சுத்து ஏத்தணும். கண்ணு சொருகுறதுக்கு முன்னாடி காலு சொல்லிரும். அதுக்கு முன்ன ஏத்துனாலும் கெட்டுப்போகும், பிந்துனாலும் கெட்டுப்போகும்."

இந்தப் பதிலை நான் இன்னும் மனதில் போட்டுப் புரட்டிக்கொண்டிருக்கிறேன். மாண்ட்ரியலில் கருவிகளை வைத்துப் பார்த்த அந்த 'உச்சத்துக்கு முந்தைய நொடி'யை இவர் ஒரு கட்டைவிரலில் பார்த்திருக்கிறார்.

பிரான்சு நாட்டு இசை ஆய்வாளர் ழில்பேர் ரூழே, ஆவேசத்துக்கும் இசைக்கும் உள்ள உறவைப் பற்றி 1980-ல் பெரிய நூல் ஒன்று எழுதினார். ஆப்பிரிக்கா தொடங்கி உலகத்தின் பல மூலைகளிலிருந்து சான்று திரட்டியவர். குறிப்பிட்ட ஒரு ஒலியோ தாளமோ தானாகவே மனிதரை ஆவேசப்படுத்திவிடும் என்பதை அவர் ஏற்கவில்லை. இந்த மேளம் இந்தச் சாமிக்கு என்று அந்தச் சமூகம் பழகி வைத்திருப்பதில்தான் அதன் சக்தி இருக்கிறது என்றார். வாசிப்பவர்கள் பெரும்பாலும் ஆவேசத்துக்கு ஆளாவதில்லை, அவர்கள் வேலை மற்றவரை ஏற்றிவிடுவது என்பதையும் கவனித்து எழுதினார். உசிலம்பட்டிப் பெரியவர் ரூழேயைப் படித்திருக்க வாய்ப்பில்லை. ரூழே உசிலம்பட்டிக்கு வந்திருந்தால் இருவரும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து டீ குடித்திருக்கலாம்.

'பழகி வைத்திருப்பது' என்றேன். அதற்கு நல்ல சாட்சி துபாயிலிருந்து வந்த ஒரு குரல்பதிவு. அழகர்கோயில் பக்கத்துக்காரர், கட்டட வேலை செய்கிறவர். சித்திரை மாதம் யாரோ கைப்பேசியில் அனுப்பிய அழகர் வர்ணிப்பை உயரத்தில் சாரத்தில் நின்றபடி கேட்டிருக்கிறார். "கால் நடுங்கிருச்சுங்கய்யா. எறங்கி வந்து உக்காந்துட்டேன். சூப்பர்வைசர் ஒடம்புக்கு முடியலையான்னாரு. ஆமான்னுட்டேன்" என்கிறார். அழகர் மலையைவிட்டு இறங்கி, கள்ளர் வேடம் போட்டு, வழிநெடுகத் திருக்கண்களில் தங்கி, வைகைக்கு வரும் கதையை இராத்திரி முழுக்கப் பாடுவார்களே, அதுதான் வர்ணிப்பு. தொ. பரமசிவன் தம்முடைய 'அழகர் கோயில்' ஆய்வில் இந்த வர்ணிப்புப் பாடல்களுக்குத் தனி இடம் கொடுத்திருக்கிறார். மதுரைக் காமராசர் பல்கலைக்கழகம் அதை 1989-ல் நூலாக வெளியிட்டது. பழைய புத்தகக் கடையில் கண்ணில் பட்டால் விடாதீர்கள்.

துபாய்க்காரரின் கால் நடுக்கத்துக்கு ஐரோப்பாவில் ஒரு பழைய முன்னுதாரணம் உண்டு. சுவிட்சர்லாந்து மலை மேய்ப்பர்கள் மாடு கூப்பிட வாசிக்கும் மெட்டு ஒன்றைக் கூலிப்படையாக அயல்நாடு போன சுவிஸ் வீரர்கள் கேட்டால் தேம்பி அழுவார்கள், சிலர் படையைவிட்டே ஓடிவிடுவார்கள், ஆகையால் அதைப் பாசறையில் வாசித்தால் மரண தண்டனை என்று விதித்திருந்தார்கள் என ரூசோ தம் இசை அகராதியில் (1768) எழுதுகிறார். வெளியூர்க்காரருக்கு அந்த மெட்டு ஒன்றும் செய்வதில்லையாம். அது அங்கே இசையாக வேலை செய்யவில்லை, நினைவூட்டும் அடையாளமாகத்தான் வேலை செய்கிறது என்பது ரூசோவின் கட்சி. நான் அவரோடு முக்கால்வாசி தூரம் போவேன். மீதிக் கால்வாசியில் அந்த உறுமிக்காரரின் கண் இருக்கிறது. நினைவு எல்லோரிடமும் இருக்கிறது. அதை எந்த நொடியில் தொட வேண்டும் என்பது வாசிக்கிறவருக்குத்தான் தெரியும்.

ஒப்பாரிக்கு வருகிறேன்.

திருமங்கலம் பக்கத்திலிருந்து ஓர் அம்மா, பேரன் கைப்பேசியில் பேசி அனுப்பியிருக்கிறார். கேட்டு அழுதவர் இல்லை இவர், பாடி அழவைப்பவர். துக்க வீடுகளுக்குக் கூலிக்குப் போய் ஒப்பாரி பாடுவது தொழில். மைக் செட்டோடு போகிற குழு. அவர் சொன்னதில் ஒரு பகுதியை அப்படியே தருகிறேன்.

"போனதும் பாட மாட்டோம். மொதல்ல விசாரிப்போம். செத்தவருக்கு எத்தனை புள்ளைக, மூத்தது யாரு, பேச்சுவார்த்தை இல்லாம இருந்தது யாரு, கடைசியா என்ன திங்கக் கேட்டாரு. இதத் தெரிஞ்சுக்கிட்டாத்தான் பாட்டு நிக்கும். நாலு பாட்டு பொதுவாப் போகும். அஞ்சாவதுல அந்தக் கடைசியாக் கேட்ட பலகாரத்தக் கொண்டாந்து வச்சிட்டம்னா, வாசல்ல விறைப்பா நின்னுக்கிட்டு இருக்கிற மகன் வந்து பொட்டி மேல விழுந்துருவான். அவன் அழுது முடிச்சாத்தான் தூக்குறவங்களுக்கு நிம்மதி. அழுகாத புள்ளையப் பாத்தா எங்களுக்குப் பயமா இருக்கும்."

பாடும்போது தொண்டை கட்டாமல் இருக்க முந்தானையில் பனங்கற்கண்டு முடிந்து வைத்திருப்பாராம். குழுவில் இருவர் பாடினால் ஒருவர் அந்த நேரம் மூச்சு வாங்கிக்கொள்வார். ஒப்பாரியைக் கவனித்துக் கேட்டவர்களுக்குத் தெரியும், ஒவ்வோர் அடியும் உயரத்தில் ஆரம்பித்துப் படிப்படியாக இறங்கிவரும். அடி முடியும் இடத்தில் மூச்சை உள்ளே இழுக்கும்போது ஒரு கேவல். அது அழுகைதானா, அடுத்த அடிக்கான மூச்சா என்று பிரித்துச் சொல்ல முடியாது. இரண்டுமாக இருக்கும்படி பழகியிருக்கிறார்கள்.

இதைப் படித்துவிட்டு 'அப்படியானால் அது நடிப்பா?' என்று முகம் சுளிக்காதீர்கள். கர்நாடக சங்கீதத்தில் முகாரி என்றாலே நாம் அழுமூஞ்சி ராகம் என்று முத்திரை குத்திவிட்டோம், வீட்டில் யாராவது புலம்பினால் 'முகாரி பாடாதே' என்கிறோம். தியாகராசரோ சபரியின் பாக்கியத்தை எண்ணி வியந்து பூரித்ததை அதே முகாரியில்தான் பாடி வைத்தார். சுரம் அங்கே இருக்கிறது. அதை அழுகையாக்குவதும் ஆனந்தமாக்குவதும் பாடுகிறவர் செய்கிற வேலை. அந்த அம்மா செய்வதும் வேலைதான். ஒரு குடும்பம் முழுக்க உறைந்துபோய் நிற்கிறபோது அவர்கள் சார்பில் முதல் குரலை எடுத்துக் கொடுப்பது லேசான வேலை இல்லை.

நம் முன்னோர் இசையை இப்படி வேலைக்கு வைத்தவர்கள்தாம். பொருநராற்றுப்படையில் வழிப்பறிக் கள்வர் பாலை யாழ் கேட்டு ஆயுதத்தைக் கீழே போடுகிறார்கள். புறநானூற்றில் போரில் புண்பட்டுக் கிடப்பவனைச் சுற்றி வேப்பிலை செருகி, ஐயவி என்னும் வெண்கடுகைப் புகைத்து, காஞ்சிப் பண் பாடுகிறார்கள். ஒன்று பாதுகாப்பு, மற்றது மருத்துவம். கச்சேரி என்று தனியாக டிக்கெட் போட்டு உட்கார்ந்து கேட்பது மிகப் பிந்தி வந்த பழக்கம்.

ஆனால் இசை கேட்டதெல்லாம் கொடுத்துவிடும் என்றும் அவர்கள் நம்பிவிடவில்லை. சிலப்பதிகாரத்தில் மதுரைக்கு வெளியே ஆயர்பாடியில் பால் உறையவில்லை, வெண்ணெய் உருகவில்லை, எருதின் கண்ணில் நீர் வழிகிறது. கெட்டது வரப்போகிறது என்று பயந்த ஆய்ச்சி மாதரி குரவையாடச் சொல்கிறாள். குரல், துத்தம், கைக்கிளை, உழை, இளி, விளரி, தாரம் என்று ஏழு பெண்களுக்கு ஏழு சுரத்தின் பெயரையே வைத்து, கண்ணகி பார்த்திருக்க, கறவைகளின் துயர் நீங்கட்டும் என்று கைகோத்து ஆடுகிறார்கள். பாட்டில் ஒரு குறையும் இல்லை. அது முடிந்ததும் கண்ணகியின் காதுக்கு வருவது கோவலன் வெட்டுண்ட செய்தி. அவன் மதுரைக்கு வந்ததற்கே புகார்க் கடற்கரையில் யாழ் மீட்டிப் பாடிய கானல்வரி காரணம் என்பதை நினைத்துப் பாருங்கள். அவன் விளையாட்டாகப் பாடியதை மாதவி வேறாக எடுத்துக்கொண்டாள், அவள் ஊடிப் பாடியதை அவன் வேறாக எடுத்துக்கொண்டான். இளங்கோவடிகள் ஒரு பாட்டில் தீக்குச்சியை உரசிவிட்டு, இன்னொரு பாட்டால் அணைக்க முடியாமல் போவதைக் காட்டி, நடுவில் எங்கள் ஊரைக் கொளுத்திவிட்டார். இதற்கு மதுரைக்காரர்கள் இன்னும் அவரிடம் கணக்குக் கேட்கவில்லை.

அழவைப்பவர் அழுவதில்லை என்று நான் பாட்டுக்குச் சொல்லிக்கொண்டே போனால், மேலை அனுமந்தராயன் கோயில் தெருவிலிருந்து ஒருவர் எழுந்து நின்று மறுப்பார். எம்.எஸ். சுப்புலட்சுமி அந்தத் தெருவில்தான் 1916-ல் பிறந்தார். தாய் சண்முகவடிவு வீணை, பாட்டி அக்கம்மாள் வயலின். சின்னப் பெண்ணாகத் தெருவில் மண்ணில் விளையாடிக்கொண்டிருந்தவரை யாரோ தூக்கிப்போய், கையையும் பாவாடையையும் தட்டிவிட்டு, பக்கத்துச் சேதுபதி பள்ளியில் அம்மா வாசித்துக்கொண்டிருந்த மேடையில் உட்கார வைத்திருக்கிறார்கள். அம்மா பாடச் சொல்ல, பாடினார். கைதட்டல் வாங்கினார். மனசெல்லாம் விட்டுவந்த மண் விளையாட்டில்தான் இருந்தது என்று பின்னாளில் அவரே சொல்லியிருக்கிறார். பயம் தெரியாத வயது.

அதே எம்.எஸ்.ஸிடம் 1947-ல் காந்தியடிகளிடமிருந்து ஒரு வேண்டுகோள் வந்தது. மீரா பஜனை ஒன்றை அவர் பாடிக் கேட்க வேண்டும். அந்தப் பாட்டு தமக்கு வராது, வேறு யாரையாவது பாடச் சொல்லலாமே என்று எம்.எஸ். தரப்பில் தயங்கியதற்கு, மற்றவர் பாடிக் கேட்பதைவிட அவர் வெறுமனே சொல்லிக் கேட்டாலே போதும் என்று பதில் வந்தது. சென்னை வானொலி நிலையத்தில் இரவோடு இரவாகப் பாடிப் பதிவு செய்து தில்லிக்கு விமானத்தில் அனுப்பினார்கள். அக்டோபர் 2, காந்தியின் பிறந்தநாளுக்குப் பாட்டு போய்ச் சேர்ந்தது. அது அவருடைய கடைசிப் பிறந்தநாள்.

1948 சனவரி 30. காந்தி சுடப்பட்ட செய்தியை வானொலி சொல்லி முடித்ததும், பின்னாலேயே அந்தப் பதிவு ஒலித்தது. தம் வீட்டில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்த எம்.எஸ். மயங்கிச் சரிந்தார் என்று அவர் வாழ்க்கையை எழுதியவர்கள் பதிவு செய்திருக்கிறார்கள். பாடும்போது அவருக்கு அது ஒரு வேலை. புதுப்பாட்டு, ஒரே இரவு, தப்பு வரக்கூடாது. வேலை முடிந்து, குரல் அவரைவிட்டுப் பிரிந்து போய், நாலு மாதம் கழித்து எல்லா வீடுகளுக்கும் வந்ததுபோல அவர் வீட்டுக்கும் வந்து சேர்ந்தபோது அவரும் கேட்பவர்களில் ஒருவராகிவிட்டார். உறுமிக்காரர் சொன்ன விதி இங்கே உடையவில்லை என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

மதுரை சோமுவை விட்டுவிட்டால் எங்கள் பழைய வாசகர்கள் என்னைச் சும்மா விடமாட்டார்கள். சுவாமிமலையில் 1919-ல் பிறந்து, மதுரையைப் பெயரில் வைத்துக்கொண்டவர். சித்தூர் சுப்பிரமணிய பிள்ளையிடம் படித்தவர். கோயில் திருவிழாக் கச்சேரியில் அவர் உட்கார்ந்தால் நள்ளிரவு தாண்டியும் எழுந்திருக்க மாட்டார். பக்கவாத்தியக்காரர்கள் மேடை கொள்ளாமல் உட்கார்ந்திருப்பார்கள். 'தெய்வம்' (1972) படத்தில் மருதமலை முருகனைக் கூப்பிட்டு அவர் பாடியது இன்றும் கார்த்திகை, தைப்பூசம் என்றால் ஒலிபெருக்கி கட்டிய ஊரெல்லாம் கேட்கும். உணர்ச்சி கொஞ்சம் அதிகம் என்று சபாக்களில் மூக்கைச் சுளித்தவர்கள் உண்டு. சென்னை மியூசிக் அகாடமியின் சங்கீத கலாநிதி பட்டம் கடைசிவரை அவருக்கு வரவில்லை. வெட்டவெளியில் துண்டை விரித்து உட்கார்ந்து கேட்ட கூட்டத்துக்கு அந்தக் கவலை இருந்ததாகத் தெரியவில்லை.

அங்கீகாரம் என்று பேச்சு வந்ததால் மனதில் உறுத்துவதையும் சொல்லிவிடுகிறேன். வந்த கடிதங்களில் ராகத்தின் பெயர் இருக்கிறது, படத்தின் பெயர் இருக்கிறது, கோயிலின் பெயர் இருக்கிறது, சாமியின் பெயர் இருக்கிறது. உறுமி பற்றி உருகி எழுதிய அத்தனை பேரில் ஒருவர்கூட உறுமிக்காரர் பெயரை எழுதவில்லை. "கொட்டுக்காரர்கள் வந்தார்கள்" என்பதோடு சரி.

இது தற்செயல் இல்லை. 1939 சூலை 8-ஆம் நாள் வைத்தியநாத ஐயர் தலைமையில் மீனாட்சியம்மன் கோயிலுக்குள் ஒடுக்கப்பட்டவர்கள் நுழைந்தது மதுரை பெருமையாகச் சொல்லிக்கொள்ளும் வரலாறு. அதே மதுரையைச் சுற்றிய கிராமங்களில், சாமியை இறக்கிக் கொடுத்த மேளக்காரர் அந்தச் சாமியின் வாசற்படிக்கு வெளியே நின்று துணியில் விபூதி வாங்கியது அதற்குப் பிறகும் வெகுகாலம் நடந்தது. இன்றைக்கு எங்கும் இல்லை என்று நெஞ்சைத் தொட்டுச் சொல்ல என்னால் முடியாது. சாவுக்கு அடித்ததால் பறை தீட்டு என்றார்கள். அது தப்பு என்று காட்ட ஒரு தலைமுறைக் கலைஞர்கள் வைக்கோல் தீயில் பறையைக் காய்ச்சி, சுண்டுக்குச்சியும் அடிக்குச்சியுமாக மேடைக்கு மேடை நின்று வாசிக்க வேண்டியிருந்தது. அலங்காநல்லூர் வேலு ஆசானுக்கு 2025-ல் பத்மஸ்ரீ அறிவித்தபோது அந்தப் பக்கத்து ஊர்களில் பறை முழங்கித்தான் கொண்டாடினார்கள். அதற்கு முன், 2018-ல், இந்தப் பகுதி நாட்டுப்புறப் பாடல்களை ஊர் ஊராய்ப் போய்த் தொகுத்துப் பாடிய விஜயலட்சுமி நவநீதகிருஷ்ணனுக்கும் அதே விருது வந்தது. இரண்டு பெயர்களைச் சொல்லிவிட்டேன். உசிலம்பட்டிப் பெரியவர் மாதிரி இருக்கிற மற்றவர்களை யார் சொல்வது?

வாசித்தவர் யார், பாடியவர் யார் என்று கேட்பதற்கு மதுரையின் பழங்கதையே இடம் கொடுக்கிறது. திருவிளையாடல் புராணத்தில் விறகு விற்ற படலம் உங்களுக்குத் தெரியும். 1965-ல் வந்த படத்தின் புண்ணியத்தில் குழந்தைகளுக்கும் தெரியும். வடக்கிலிருந்து வந்த ஏமநாதன் பாண்டியன் அவையில் சவால் விடுகிறான். அவனை எதிர்த்துப் பாட வேண்டிய பாணபத்திரருக்குத் தூக்கம் போகிறது. சோமசுந்தரக் கடவுள் அவருக்காகப் பாட இறங்கி வருகிறார். அவையில் தோன்றித் தங்க ஆசனத்தில் உட்கார்ந்து பாடியிருக்கலாம். அப்படிச் செய்யவில்லை. அழுக்கு வேட்டியும் விறகுச் சுமையுமாக வந்து, ஏமநாதன் வீட்டுத் திண்ணையில் சுமையை இறக்கிவிட்டு, இளைப்பாறுகிற சாக்கில் சாதாரிப் பண் பாடுகிறார். உலகமே எழுதிய சித்திரம்போல அசையாமல் நிற்கிறது. உள்ளேயிருந்து ஓடிவந்த ஏமநாதன் முதலில் கேட்பது, 'நீ யார்?' என்றுதான். உலகத்தையே நிறுத்திய பாட்டைக் கேட்டவனுக்கு அதைப் பாடியது யார் என்று தெரிந்தாக வேண்டியிருந்தது. ஏமநாதன் ஆணவக்காரன்தான், ஆனால் இந்த விஷயத்தில் நம்மைவிட நல்ல ரசிகன்.

ஆகவே அடுத்த இதழுக்கு உங்களிடம் ஒரு வேலை. உங்கள் ஊர்த் திருவிழாவில், உங்கள் வீட்டு நல்லது கெட்டதில், உங்களை உலுக்கியவர் யார் என்று போய்க் கேட்டு எழுதுங்கள். உறுமியோ பறையோ, தவிலோ நாதஸ்வரமோ, ஒப்பாரியோ வர்ணிப்போ எதுவானாலும் சரி. பெயர் போடலாமா என்று அவரிடமே கேட்டுக்கொள்ளுங்கள், வேண்டாம் என்றால் ஊரை மட்டும் எழுதுங்கள். யாரிடம் கற்றார், கருவிக்குத் தோல் எங்கே வாங்குகிறார், இப்போது வருகிற பைபர் தோலில் வாசிக்கப் பிடிக்கிறதா, வாசிக்கும்போது எதைப் பார்த்துக்கொண்டிருப்பார், பிள்ளைகளில் யாராவது கற்றுக்கொள்கிறார்களா என்றும் விசாரியுங்கள். ஒரு நாள் கூலி எவ்வளவு என்பதைக் கேட்கக் கூச்சப்படாதீர்கள், அதையும் எழுதுங்கள். பக்கக் கணக்கு பார்க்காமல் போடுவதாக அச்சுக்கூடத்தில் சொல்லி வைத்திருக்கிறேன். அவர்கள் இன்னும் ஒத்துக்கொள்ளவில்லை.

திருமங்கலத்து அம்மாவின் குரல்பதிவு முழுவதும் இந்த இதழின் நடுப்பக்கத்தில் இருக்கிறது. உதவி ஆசிரியர் ஒரு சொல்லையும் மாற்றவில்லை.

அன்புடன்,
ஆசிரியர்